5சிபி-யில் தங்கத் துகள்: இது தன்னொழுங்கா, வெறும் கட்டியா?

#1 செந்துகள்

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுப் படிப்பில் இரண்டாம் வருடம். நீர்மப் படிகத்துக்குள் தங்க நானோ துகள்களைக் கலந்து, அவை தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் ஒரு ஒளியியல் பொருள் செய்வதுதான் திட்டம். தாளில் எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

செய்தது இது. சுமார் 15 நானோமீட்டர் விட்டமுள்ள தங்க உருண்டைகள், மேலே டோடெக்கேன்தயால் என்ற கரிம மூலக்கூறுகளின் உறை. டொலுயீனில் நல்ல செந்நிறம், உட்கவர் உச்சி (ஒளியை அதிகம் உறிஞ்சும் அலைநீளம்) 525 நானோமீட்டர் பக்கம். அதை 5சிபி என்ற நீர்மப் படிகத்தில் கலந்து, சோனிகேட்டரில் வைத்து, டொலுயீனை ஆவியாக்கினேன். 40 டிகிரியில் தெளிவான சிவப்பு. மேசை மேல் வைத்து ஆற விட்டு, 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிச் செல்லில் நிரப்பி, குறுக்குப் போலராய்டுகளுக்கு நடுவே பார்த்தால் கருப்புப் புள்ளிகள். மறுநாள் நிறம் ஊதாவாகிவிட்டது. உச்சி 560-க்குப் போய் அகன்று தட்டையாகிவிட்டது.

கட்டுரைகள் எல்லாம் "தன்னொழுங்கமைவு" என்கின்றன. என் செல்லில் இருப்பதைப் பார்த்தால் திரிந்துபோன பால் மாதிரிதான் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கே தவறினேன்?

#2 குறுக்குபோலராய்டு

முதலில், வருத்தப்படாதீர்கள் தம்பி. இந்தக் கருப்புப் புள்ளிகளைப் பார்க்காமல் யாரும் இந்தத் துறைக்குள் வந்ததில்லை.

நடந்தது என்னவென்றால், 5சிபி சுமார் 35 டிகிரிக்கு மேல் சாதாரண திரவம், ஐசோட்ரோபிக் நிலை. அங்கே உங்கள் துகள்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆறும்போது நெமாட்டிக் நிலை சொட்டுச் சொட்டாகத் தோன்றி வளர்கிறது. அந்தச் சொட்டுக்குள் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து நிற்க விரும்புகின்றன. நடுவே ஒரு உருண்டை நின்றால் ஒழுங்கு கெடும். எனவே சொட்டு வளர வளரத் துகளை வெளியே தள்ளும். உப்புநீர் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளுவது போல. கடைசியில் இரண்டு சொட்டுகள் முட்டிக்கொள்ளும் எல்லையில் எல்லாத் துகள்களும் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் கருப்பு.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: எடையில் எத்தனை சதவீதம் போட்டீர்கள்? ஆற எவ்வளவு நேரம் ஆனது? கலவை நெமாட்டிக்கிலிருந்து ஐசோட்ரோபிக்காக மாறும் வெப்பநிலை என்ன? மூன்றாவது முக்கியம். டொலுயீன் கொஞ்சம் மீந்திருந்தாலே அந்த வெப்பநிலை இறங்கிவிடும். தனி 5சிபி-யோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

#3 செந்துகள்

1 சதவீதம். ஆற அரை மணி நேரம். வெப்பநிலை 33.5 காட்டியது. அப்போ டொலுயீன் மீதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

#4 கணக்கர்

அந்த 1 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இந்தத் துறையில் பாதிக் குழப்பம் அங்கேதான்.

தங்கத்தின் அடர்த்தி 19.3. 5சிபி-யின் அடர்த்தி ஏறக்குறைய 1. அப்படியானால் எடையில் 1 சதவீதம் என்பது கன அளவில் 0.05 சதவீதம் மட்டுமே. 15 நானோமீட்டர் உருண்டையின் கன அளவு சுமார் 1770 கன நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளுக்கும் சொந்தமான இடம் ஏறத்தாழ 34 லட்சம் கன நானோமீட்டர். அதன் கனமூலம் 150. அதாவது துகள்கள் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் ஒன்றுக்கொன்று 150 நானோமீட்டர் தள்ளி நிற்கும், தங்கள் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு.

இரண்டு துகள்களின் பிளாஸ்மான்கள் ஒன்றையொன்று உணர வேண்டுமானால் இடைவெளி விட்டத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். எனவே நீங்கள் ஆசைப்படும் அந்த அருமையான பரவல் கிடைத்திருந்தாலும் ஒளியியலில் புதிதாக ஒன்றும் நடந்திருக்காது. சிவப்புச் சாயம் கலந்த 5சிபி, அவ்வளவுதான்.

இன்னொன்று. நெமாட்டிக்கில் துகள்கள் சங்கிலி கோக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1997-இல் பூலன், ஸ்டார்க், லுபென்ஸ்கி, வெய்ட்ஸ் வெளியிட்ட நீர்த்துளிச் சங்கிலிகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அங்கே துளிகள் மைக்ரோமீட்டர் அளவு. நீர்மப் படிகத்தின் மீள் மாறிலி, அதாவது வளைவை எதிர்க்கும் பலம், சுமார் 10 பைக்கோநியூட்டன். மேற்பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும் பலம், நடுத்தரமாக எடுத்தால், சதுர மீட்டருக்கு 10 மைக்ரோஜூல். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1 மைக்ரோமீட்டர். அதைவிட மிகச் சிறிய துகளைச் சுற்றி மூலக்கூறுகள் வளைவதே இல்லை. வளையாவிட்டால் அந்தச் சங்கிலி விசையும் இல்லை. 15 நானோமீட்டர் துகளுக்கு அந்தப் படங்கள் பொருந்தாது.

#5 தள்ளிநின்றுபார்ப்பவன்

நான் இந்தத் துறை இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். இந்தப் பிளாஸ்மான் என்றால் என்ன என்று ஒரு வரியில் யாராவது சொல்ல முடியுமா? தங்கம் மஞ்சள்தானே, எங்கிருந்து சிவப்பு வந்தது?

#6 குறுக்குபோலராய்டு

ஒரு வரியில் முடியாது, மூன்று வரி கொடுங்கள். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. ஒளியின் மின்புலம் அவற்றை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் மின்னூட்டம் குறைந்து திரும்ப இழுக்கும். தொட்டித் தண்ணீர் தளும்புவது மாதிரி எலெக்ட்ரான் கூட்டம் தளும்பும். சிறிய தங்க உருண்டையில் அந்தத் தளும்பல் பச்சை ஒளியோடு ஒத்திசைகிறது, பச்சை உறிஞ்சப்படுகிறது, மிச்சம் சிவப்பு.

மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தங்க நீர்மத்தைச் செய்து, அதில் இருப்பது மிக நுண்ணிய தங்கம்தான் என்று சொல்லிவிட்டார். உப்புச் சேர்த்தால் அது நீலமாக மாறுவதையும் பார்த்தார். செந்துகளின் ஊதா செல் அதே கதைதான், துகள்கள் ஒட்டிக்கொண்டால் உச்சி சிவப்புப் பக்கம் நகரும். ஒத்திசைவைக் கணக்காக எழுதியவர் குஸ்டாவ் மீ, 1908-இல்.

#7 தள்ளிநின்றுபார்ப்பவன்

ஓ! பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ரோமானியர் காலத்து லைகர்கஸ் கோப்பையும் இதேதானா? முன்னால் வெளிச்சம் அடித்தால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு.

#8 குறுக்குபோலராய்டு

அதேதான். 4-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி, உள்ளே தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துகள்கள். செய்தவருக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. ஆனால் அது உறைந்துபோன கண்ணாடி, ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணாடிக்குப் பதில் நீர்மப் படிகத்தை வைத்தால் 1 வோல்ட்டில் நிறத்தை மாற்றலாமே என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஆசையும்.

#9 ஈனிக்காரர்

கணக்கர் சொன்னது சரி, ஆனால் வேதியியலை விட்டுவிட்டார். செந்துகள், உங்கள் உறையே தப்பு.

டோடெக்கேன்தயால் என்பது 12 கார்பன் வால். 5சிபி-யின் மூலக்கூறோ விறைப்பான இரட்டை வளையம், ஒரு முனையில் சயனோ என்ற அணுத்தொகுதி. இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. அதோடு 15 நானோமீட்டர் தங்கத்துக்கு வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு அதிகம்; உறை ஒன்றரை நானோமீட்டர் தடிமன்தான். அருகே வந்துவிட்டால் பிரிக்க வெப்ப ஆற்றலுக்குத் தெம்பு போதாது. நெமாட்டிக் வெளியே தள்ளிக் கொடுக்கும், வாண்டர் வால்ஸ் பிடித்து ஒட்டிவிடும். கூட்டுச் சதி.

வழி என்ன? உறையிலேயே நீர்மப் படிகத்தைத் தொங்கவிடுவது. முனையில் தங்கத்தைப் பிடிக்கும் தயால், நடுவே நீளமான நெகிழ் சங்கிலி, கடைசியில் சயனோபைஃபீனைல் மாதிரி ஒரு விறைப்பான தலை. பாதி ஈனிகளை (உறை மூலக்கூறுகளை) மட்டும் மாற்றி, மீதியைக் குட்டையான ஆல்க்கைல் தயாலாக விட வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினால் நெரிசலில் தலைகள் அசையக்கூட முடியாது.

இதில் நடக்கும் வேடிக்கைதான் எனக்குப் பிடித்தது. தங்க அணுவோடு ஒட்டியிருந்தாலும் தயால்கள் மேற்பரப்பில் மெதுவாக நகரும். விறைப்பான தலைகள் தங்களுக்குள் சேர்ந்து நிற்க விரும்புவதால் உருண்டையின் வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் போய்விடும், இடுப்பில் குட்டை தயால்கள் மட்டும். உருண்டையாக இருந்த துகள் இப்போது மேலும் கீழும் குடுமி வைத்த பண்டமாக ஆகிவிட்டது. அது தானாகவே அடுக்கடுக்காக உட்காரும். வேறு திரவம்கூட வேண்டாம், துகளே நீர்மப் படிகம். 2006-இல் செஹ், மெல் இருவரும் அறை வெப்பநிலையில் நெமாட்டிக் நிலை காட்டும் தங்கத் துகள்களை வெளியிட்டார்கள். 2009-இல் வார்சாவில் கொரெட்ஸ்காவின் குழு அடுக்கு நிலைகளைக் காட்டியது.

#10 சும்மாகேட்கிறேன்

எல்லாம் சரி. அந்தத் துகள்களின் உலோக உட்கரு எத்தனை நானோமீட்டர்? அதையும் சொல்லிவிடுங்களேன்.

#11 ஈனிக்காரர்

பெரும்பாலும் 2 முதல் 5 நானோமீட்டர். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்று தெரிகிறது.

#12 சும்மாகேட்கிறேன்

ஆமாம், தெரிந்துதான் கேட்டேன். 2 நானோமீட்டருக்குக் கீழே தங்கத்தில் பிளாஸ்மானே கிடையாது. 3, 4 என்றால் ஏதோ ஒரு தோள் மாதிரி அகன்ற மேடு. உட்கவர்தல் கன அளவைப் பொறுத்தது, விட்டம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. அழகாக அடுக்கி நிற்கும் துகளுக்கு ஒளி தெரியாது. ஒளி தெரிந்த துகள் அடுக்கி நிற்காது. இருபது வருடமாக இந்தத் துறை இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. 2000-இல் இயற்பியலாளர் பென்ட்ரி எதிர்மறை ஒளிவிலகல் எண் கொண்ட பொருளால் குறையற்ற வில்லை சாத்தியம் என்று எழுதியதும், அந்தப் பொருளைக் குடுவையில் காய்ச்சியே எடுத்துவிடலாம் என்று எத்தனை திட்ட வரைவுகள்! அதில் உலோகத்தின் இழப்பைப் பற்றி ஒரு பத்தி இருக்காது. தங்கம் பச்சைக்குப் பக்கத்தில் ஒளியை வெப்பமாக்கி விழுங்கும். எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் விழுங்கத்தான் செய்யும்.

#13 குறுக்குபோலராய்டு

கோபம் நியாயம்தான், பாதி. மாய வில்லைக் கனவை நானும் வாங்கவில்லை. ஆனால் "ஒளி தெரிந்த துகள் அடுக்கி நிற்காது" என்பது உருண்டைகளுக்குத்தான் முழு உண்மை. சுற்றிக்கொண்டு போக வழிகள் இருக்கின்றன.

ஒன்று, உருண்டையை விட்டுவிட்டுக் குச்சிக்குப் போவது. தங்க நானோ குச்சிக்கு இரண்டு தளும்பல்கள். குறுக்கே ஒன்று, அது 520 பக்கத்தில் அப்படியே நிற்கும். நீளவாக்கில் ஒன்று, அதை நீள-அகல விகிதத்தை மாற்றியே 600-லிருந்து அகச்சிவப்பு வரை கொண்டுபோகலாம். குச்சியை நீர்மப் படிகத்தில் போட்டால் அது மூலக்கூறுகள் காட்டும் திசையிலேயே படுத்துக்கொள்ளும். 2010-இல் ஸ்மல்யுக்கின் குழு இதைச் செய்துகாட்டியது. போலராய்டை அந்தத் திசைக்கு இணையாக வைத்தால் ஒரு நிறம், 90 டிகிரி திருப்பினால் வேறு நிறம். துகள்கள் தொடவே வேண்டாம். கணக்கர் சொன்ன 150 நானோமீட்டர் இடைவெளி இங்கே பிரச்சினையே இல்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது திசை ஒழுங்கு மட்டுமே. என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே நேர்மையான வெற்றி இதுதான்.

இன்னொன்று, நீர்மப் படிகத்தின் குறைகளையே அச்சாகப் பயன்படுத்துவது. 5சிபி-யின் உறவுக்காரப் பொருளான 8சிபி அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே ஸ்மெக்டிக், அதாவது அடுக்கு நிலை. ஒரு திசையில் தேய்த்த பாலிமர் மேல் அதை மெல்லிய படலமாகப் பூசினால் அடிப்பக்கம் மூலக்கூறுகள் படுக்க விரும்பும், மேலே காற்றுப் பக்கம் நிமிர விரும்பும். இரண்டு பேருக்கும் இடம்கொடுக்க அடுக்குகள் வளைந்து, படுக்கவைத்த அரை உருளைகளாக வரிசை வரிசையாக நிற்கும். நுண்ணோக்கியில் எண்ணெய்க் கோடுகள் மாதிரித் தெரியும், பெயரும் அதுவேதான். அந்த வளைவுகளுக்குள் நேர்க்கோடாகக் குறைபாட்டுக் கோடுகள் ஓடுகின்றன. குறைபாட்டின் நடுவே ஒழுங்கு இல்லை, அதற்குப் படிகம் ஆற்றல் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு தங்கத் துகள் வந்து உட்கார்ந்தால் அந்தச் செலவு மிச்சம். எனவே இங்கே துகளை யாரும் வெளியே தள்ளவில்லை, "வா, உட்கார்" என்று கூப்பிடுகிறது! லகாஸின் குழு 2012-இல் இப்படித் துகள்களை ஒற்றைக் கோட்டுச் சங்கிலியாக நிறுத்தியது. சங்கிலிக்குள் இடைவெளி வெறும் ஈனியின் தடிமன். அங்கே பிளாஸ்மான்கள் உண்மையாகவே பேசிக்கொள்கின்றன. சங்கிலிக்கு இணையான ஒளிக்கு உச்சி சிவப்புப் பக்கம் நகரும், குறுக்கு ஒளிக்கு அப்படி நகராது.

இதே தத்துவம்தான் நீர்மப் படிகத்தின் 'நீல நிலைகள்' என்ற வகையிலும். அவை குறைபாட்டுக் கோடுகளாலேயே கட்டிய வலை. வழக்கமாக ஓரிரு டிகிரி அகலத்தில்தான் உயிரோடு இருக்கும். துகள்கள் அந்தக் கோடுகளில் உட்கார்ந்தால் அந்த அகலம் கூடும். ஒளியியலுக்கு இல்லாவிட்டாலும் திரை செய்பவர்களுக்கு இதில் ஆர்வம் உண்டு.

#14 கணக்கர்

குச்சி விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் உருண்டைகளை வைத்து மின்புலத்தால் நிறம் மாற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை. செந்துகள் அடுத்து அங்கேதான் போவார் என்று தோன்றுகிறது.

5சிபி-யின் இரண்டு ஒளிவிலகல் எண்கள் ஏறத்தாழ 1.53, 1.71. வித்தியாசம் 0.18. சிறிய தங்க உருண்டையின் உச்சி, சுற்றுப்புற ஒளிவிலகல் எண் 1 கூடினால் 60 நானோமீட்டர் அளவுக்கு நகரும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 11. இது உச்சவரம்பு. நடைமுறையில் உறை ஒன்றரை நானோமீட்டரை எடுத்துக்கொள்ளும், துகளை ஒட்டிய மூலக்கூறுகள் மின்புலத்துக்கு முழுதாக வளைந்து கொடுக்காது. உச்சியே 60, 70 நானோமீட்டர் அகலம் இருக்கும்போது நாலைந்து நானோமீட்டர் நகர்வைக் கண்ணால் பார்க்க முடியாது, நிறமாலைமானி வேண்டும்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்புலத்தை எடுத்த பிறகு மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் செல் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரோமீட்டர் 5சிபி செல்லுக்கு 20, 30 மில்லிநொடி. உங்கள் 10 மைக்ரோமீட்டர் செல்லுக்கு நான்கு மடங்கு. பிளாஸ்மான் ஃபெம்டோநொடிகளில் ஆடி அடங்குகிறது என்று பெருமையாக எழுதுகிறோம். அதைத் திருப்பும் பொத்தானோ மாட்டுவண்டி.

#15 சும்மாகேட்கிறேன்

மாட்டுவண்டி 😄 இதைத்தான் நான் #12-இல் நீட்டி முழக்கினேன்.

சரி, குறுக்குபோலராய்டு சொன்ன எண்ணெய்க் கோடு விஷயம் எனக்குப் புதிது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஒரு கோட்டுக்குள் எத்தனை துகள் கொள்ளும்? நிரம்பியபின் என்ன ஆகும்?

#16 குறுக்குபோலராய்டு

நல்ல கேள்வி. நிரம்பினால் மிச்சத் துகள்கள் கோட்டுக்கு வெளியே வந்து கட்டிதான். குறைபாடு என்பது எண்ணி வைத்த நாற்காலிகள். அதனால்தான் அங்கே மிகக் குறைந்த செறிவில் வேலை செய்கிறார்கள்.

#17 ஈனிக்காரர்

செந்துகள் கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. தன்னொழுங்கா, கட்டியா? சொற்சண்டை வேண்டாம், ஒரு சோதனை போதும். செல்லைத் திரும்ப 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நிறம் சிவப்புக்குத் திரும்பி, உச்சி பழைய இடத்துக்கு வந்தால் துகள்கள் இன்னும் தனித்தனி. நெமாட்டிக் தள்ளியதால் கூடி நின்றன, அவ்வளவுதான். திரும்பாவிட்டால் ஒட்டிக்கொண்டுவிட்டன, அது கட்டி.

#18 கணக்கர்

அரை மனதாக உடன்படுகிறேன். பழைய நிலைக்குத் திரும்புவது மட்டும் ஒழுங்கு ஆகிவிடாது. மேகமும் கலைந்து கூடுகிறது. இடைவெளியிலோ திசையிலோ ஏதாவது ஒரு முறைமை இருந்தால்தான் ஒழுங்கு என்பேன். துகள்களின் இடைவெளியைக் காட்டும் சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறலில் உச்சி வருகிறதா என்று பாருங்கள்.

#19 ஈனிக்காரர்

அந்தக் கருவிக்கு அவர் வரிசையில் நின்று முறை வருவதற்குள் பட்டமே வாங்கிவிடுவார். முதலில் சூடாக்கிப் பார்க்கட்டும்.

#20 செந்துகள்

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். நிறைய செய்தேன்.

சூடாக்கிப் பார்த்தேன். பாதிதான் திரும்பியது. உச்சி 560-லிருந்து 540-க்கு வந்து நின்றுவிட்டது. ஐசோட்ரோபிக் நிலையிலும் சில கருப்புப் புள்ளிகள் கரையவே இல்லை. அப்போ பாதி கூட்டம், பாதி கட்டி.

பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன். துகளை 5 நானோமீட்டராகக் குறைத்தேன். கட்டற்று மிதந்த உபரி தயாலை மூன்று முறை சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவினேன். டொலுயீனை வெற்றிடத்தில் இரவு முழுக்க வைத்து எடுத்தேன். இப்போது நெமாட்டிக் வெப்பநிலை 35-க்குப் பக்கத்தில் வருகிறது. செறிவு 0.1 சதவீதம். 40 டிகிரியிலிருந்து செல்லை நேராகக் குளிர்ந்த உலோகத் தட்டு மேல் வைத்தேன், சில நொடிகளில் ஆறிவிட்டது.

மூன்று நாளாகப் புள்ளி இல்லை. சந்தோஷப்பட்டு நிறமாலைமானியில் வைத்தால் உச்சியே தெரியவில்லை! அப்புறம்தான் உறைத்தது, தங்கம் பத்தில் ஒன்றாகிவிட்டது, செல்லோ அதே 10 மைக்ரோமீட்டர். 100 மைக்ரோமீட்டர் தட்டை நுண்குழாயில் நிரப்பிய பிறகு 520-இல் ஒரு சின்ன மேடு வந்தது. #12-இல் சொன்னது என் திரையிலேயே தெரிந்தது.

அதனால் வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். உருண்டை போதும், குச்சிக்குப் போகிறேன். சிடேப் என்ற சோப்பு மாதிரி மூலக்கூறு உறை போட்ட குச்சிகள் கொஞ்சம் இருக்கின்றன, நீரில் இருக்கின்றன. அதை எப்படி 5சிபி-க்குள் கொண்டுவருவது?

#21 ஈனிக்காரர்

நேராகக் கொண்டுவர முடியாது. சிடேப் குச்சி மேல் இரட்டை அடுக்காக உட்கார்ந்திருக்கிறது, கரிமக் கரைப்பானுக்குள் போனதும் கலைந்து குச்சிகள் தொகுதியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் நீரிலேயே பாலிஎத்திலீன் கிளைகால் தயாலால் மாற்றுங்கள். அது நீரிலும் கரையும், பல கரிமக் கரைப்பான்களிலும் கரையும், பாலம் மாதிரி. சிடேப்பைக் கழுவும்போது ஒரேயடியாகக் கழுவிவிடாதீர்கள், தயால் போய் உட்கார ஒரு இரவு நேரம் கொடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

இன்னொரு வழி, 5சிபி-யே வேண்டாம் என்று விட்டுவிட்டு நீரில் உருவாகும் நீர்மப் படிகத்துக்குப் போவது. குச்சிகள் ஏற்கெனவே நீரில்தானே இருக்கின்றன. குறுக்குபோலராய்டு சொன்ன 2010 வேலை அந்த வகைதான். செல்லுலோஸ் நானோ படிகங்களும் நீரில் முறுக்கிய அடுக்காக நிற்கும், தங்கக் குச்சிகளைச் சேர்த்துக் காயவைத்துப் படலமாக்கியிருக்கிறார்கள். ஆனால் காய்ந்தபின் மின்புலத்தால் ஒன்றும் செய்ய முடியாது, லைகர்கஸ் கோப்பை மாதிரிதான்.

#22 குறுக்குபோலராய்டு

குச்சி செய்யும்போது சோதிக்க எளிய வழி: செல்லை வைத்து ஒரே ஒரு போலராய்டை மட்டும் சுழற்றுங்கள். இரண்டு போட்டால் 5சிபி-யின் இரட்டை ஒளிவிலகல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒன்றைச் சுழற்றும்போது நிறம் மாறினால் குச்சிகள் படுத்திருக்கின்றன.

அப்புறம், அந்தப் பழைய 1 சதவீத ஊதா செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

#23 செந்துகள்

இல்லை, இழுப்பறையில் கிடக்கிறது. ஏன்?

#24 குறுக்குபோலராய்டு

போலராய்டு இல்லாமல், அதிக உருப்பெருக்கத்தில் எடுத்துப் பாருங்கள். மெதுவாக ஆறிய செல்லில் சொட்டு எல்லைகள் தேன்கூடு மாதிரி வலையாக நின்றிருக்கும். வந்தால் படத்தை இங்கே போடுங்கள், கணக்கருக்கு அதில் ஒரு முறைமை தெரிகிறதா என்று கேட்போம்.